கரூரைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கமிருந்து கரூருக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் துணி ஆர்டருக்காக வருவார்கள், இல்லையென்றால் திருச்சி போகும் வழியில் பஸ் மாறுவார்கள். ஊரைப் பார்க்கவென்று வருகிறவர்கள் குறைவு. அப்படி வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளையும், எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். கரூரோடு சேர்த்து, ஒரு நாளில் போய்த் திரும்பக்கூடிய கொங்கு நாட்டு இடங்களையும் சொல்லியிருக்கிறேன்.

கரூரில் பார்க்க என்னங்க இருக்கு? கொசுவலையும் பஸ் பாடி கட்டுகிற பட்டறையும்தானே?

அவையும் இருக்கின்றன. ஆனால் பழந்தமிழ்நாட்டில் வெளிநாட்டார் பெயர் சொல்லி எழுதிவைத்த ஊர்கள் கொஞ்சம்தான், அதில் கரூர் ஒன்று. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் தாலமி என்ற கிரேக்க நிலவியலாளர், சேர மன்னனின் தலைநகர் 'கரௌரா' என்று எழுதினார். அகநானூற்றின் 93-ஆம் பாட்டு 'திருமா வியனகர்க் கருவூர்' என்கிறது. எண்ணி முடியாததைச் சொல்ல, அந்தக் கருவூரின் ஆற்றுத்துறையில் குவிந்து கிடந்த ஆன்பொருநை மணலைத்தான் அந்தப் பாட்டு அளவாகக் காட்டுகிறது. ஆன்பொருநைதான் இன்றைய அமராவதி.

அந்த மணலில்தான் சேரர் காசுகளும் ரோமானியர் காசுகளும் கிடைத்தன. அகஸ்டஸ், திபேரியஸ் என்ற ரோமப் பேரரசர்களின் வெள்ளிக் காசுகள் இங்கே வந்து சேர்ந்திருக்கின்றன. 'மாக்கோதை' என்ற பெயரும் அரசனின் தலை உருவமும் பொறித்த சேரர் வெள்ளிக் காசு, 'குட்டுவன் கோதை' என்ற பெயருள்ள காசு, 'கொல்லிப்பொறை' என்று எழுதிய காசு எல்லாம் கரூர் ஆற்றுப்படுகை தந்தவை. மாக்கோதைக் காசில் இருக்கும் முகத்தைப் பார்த்தால், அதை அடித்தவர்கள் ரோமக் காசைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள் என்பது பளிச்சென்று தெரியும். 1970-களில் தமிழ்நாடு தொல்லியல் துறை இங்கே அகழாய்வு செய்தபோது ரோமானிய மதுச்சாடியின் துண்டுகளும் கிடைத்தன.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பழைய கரூரின் மேல்தான் இன்றைய கரூர் குடியிருக்கிறது. மாமல்லபுரம் போல இறங்கியதும் கண்ணை நிறைக்கும் காட்சி எதுவும் இங்கே கிடையாது. கொஞ்சம் தெரிந்துகொண்டு வந்தால்தான் இந்த ஊர் பிடிபடும். இந்தப் பக்கத்தை எழுதுவதே அதற்காகத்தான்.

கரூர்தான் சேரர்களின் தலைநகரான வஞ்சி என்று உறுதியாகச் சொல்ல முடியுமா?

இது நூறு வருஷத்துக்கு மேலாக நடக்கிற வாதம். வஞ்சி என்பது கேரளத்தில் கொடுங்கல்லூரை ஒட்டிய திருவஞ்சைக்களம் பகுதி என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். முசிறித் துறைமுகம் அந்தப் பக்கம்தான் இருந்தது என்பதால் அதில் ஒரு நியாயமும் இருக்கிறது. கரூர்தான் என்று சொல்கிறவர்கள் காட்டும் சான்றுகள் மூன்று. தாலமி கரௌராவைக் கடற்கரைப் பட்டினங்களோடு சேர்க்காமல் உள்நாட்டு ஊராகச் சொல்கிறார். சேரர் பெயர் பொறித்த காசுகள் கரூர் ஆற்றில் கிடைத்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, பக்கத்திலேயே ஆறுநாட்டார் மலையில் இருக்கும் புகழூர்க் கல்வெட்டு மூன்று தலைமுறைச் சேர அரசர்களை வரிசையாகச் சொல்கிறது.

என் மனம் கரூர்ப் பக்கம்தான். இந்த ஊர்க்காரன் என்பதால் சொல்லவில்லை. புகழூர்க் கல்வெட்டை நேரில் நின்று பார்த்துவிட்டு வந்தால் உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும் என்று நினைக்கிறேன்.

ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. எதை விடலாம், எதை விடக்கூடாது?

காலையில் வெயில் ஏறுவதற்குள் ஆறுநாட்டார் மலை. இறங்கி, நடை சாத்துவதற்குள் கரூர் பசுபதீஸ்வரர் கோயில். மதியம் சாப்பிட்டுவிட்டு அருங்காட்சியகம். நாலு மணிக்கு மேல் வெஞ்சமாக்கூடல் அல்லது நெரூர், இரண்டில் ஒன்று. இரண்டுக்கும் ஓடினால் இரண்டையும் பார்த்த மாதிரி இருக்காது.

அரை நாள்தான் என்றால் ஆறுநாட்டார் மலையும் பசுபதீஸ்வரர் கோயிலும் போதும். கோயிலுக்கு எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று மலையைத் தள்ளிப் போடாதீர்கள். தள்ளிப் போட்டவர்கள் பெரும்பாலும் போகாமலேயே இருந்துவிடுகிறார்கள்.

ஆறுநாட்டார் மலை எங்கே இருக்கிறது? அங்கே என்ன பார்க்க வேண்டும்?

கரூரிலிருந்து நாமக்கல் போகும் வழியில், 15 கி.மீ. அளவில் வேலாயுதம்பாளையம். ஊருக்குள்ளேயே மலை. மேலே முருகன் கோயில் இருப்பதால் படிக்கட்டு நன்றாகவே இருக்கிறது. பக்தர்கள் நேராக ஏறி முருகனைக் கும்பிட்டு இறங்கிவிடுவார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது மலைச் சரிவில் இருக்கும் குகைத்தளங்கள். எந்தப் பக்கம் என்று கோயிலில் கேட்டுக்கொள்ளுங்கள். 'சமணர் படுக்கை' என்று கேட்டால் காட்டுவார்கள். 'தமிழி கல்வெட்டு' (தமிழி என்பது தமிழின் மிகப் பழைய எழுத்து, தமிழ்-பிராமி என்றும் சொல்வார்கள்) என்று கேட்டால் சிலர் விழிக்கக்கூடும்.

பாறையின் நிழலில், ஆள் படுக்கும் அளவுக்குத் தரையை வழவழப்பாகச் செதுக்கி, தலை வைக்க ஒரு பக்கம் கொஞ்சம் மேடாக விட்டிருப்பார்கள். சமண முனிவர்கள் தங்குவதற்காகச் செய்து கொடுத்த கற்படுக்கைகள் இவை. யார் செய்து கொடுத்தார்கள் என்பதைப் பாறையிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். வாசகத்தின் சாரம் இதுதான்: யாற்றூரைச் சேர்ந்த செங்காயபன் என்னும் மூத்த சமண முனிவர் தங்குவதற்காக, கோ ஆதன் செல்லிரும்பொறையின் மகன் பெருங்கடுங்கோ, அவன் மகன் இளங்கடுங்கோ, இளங்கோ ஆனபோது வெட்டுவித்த கல். தாத்தா, அப்பா, பேரன் என்று மூன்று பெயர். இளவரசுப் பட்டம் கட்டிக்கொண்ட வேளையில் ஒரு துறவிக்குப் படுக்க இடம் செய்து கொடுத்திருக்கிறான் அந்தப் பையன். பதிற்றுப்பத்தில் வரும் இரும்பொறை மரபு அரசர்களோடு இந்த மூவரையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள் அறிஞர்கள். எழுத்தமைதியை வைத்து கி.பி. 2 - 3-ஆம் நூற்றாண்டு என்று கணிக்கிறார்கள்.

இன்னொரு வரி எனக்கு இதைவிடப் பிடிக்கும். 'கருவூர் பொன்வாணிகன் நத்தி' என்று ஒருவர் தன் பெயரை விட்டுப் போயிருக்கிறார். கரூரில் தங்கம் விற்றவர். இன்றும் கரூர் கடைத்தெருவில் நகைக்கடை வைத்திருப்பவர்கள் இந்த நத்திக்கு ஒரு தடவையாவது வந்து வணக்கம் சொல்லிப் போகலாம்.

எழுத்தைப் பார்த்தால் எனக்கு ஒன்றும் புரியாதே?

முழுக்கப் படிக்க வேண்டாம். ஒரே ஒரு எழுத்தைத் தெரிந்துகொண்டு போங்கள். தமிழியில் 'க' என்பது நாம் கணக்கில் போடும் கூட்டல் குறி. ஒரு கோடு குறுக்கே, ஒரு கோடு நெடுக்கே, அவ்வளவுதான். 'கடுங்கோ' என்ற பெயரில் அது இரண்டு தடவை வரும். பாறையில் கூட்டல் குறிகளைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டால், சேர அரசன் பெயருக்குப் பக்கத்தில் வந்துவிட்டீர்கள் என்று பொருள். ககரத்தின் மேல் பக்கவாட்டில் இழுத்த சின்னக் கோடுகள் உயிர்மெய் ஆக்கும் குறிகள். 'ர' வெறும் நெட்டைக் கோடு. குழந்தைகளிடம் சொல்லிவிட்டால் உங்களுக்கு முன்னால் அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

உச்சிவெயிலில் எழுத்து கண்ணுக்கே தெரியாது. காலையிலோ மாலையிலோ வெளிச்சம் சாய்வாக விழும்போது பள்ளம் நிழலாகி எழுத்து எழும்பி வரும். அது முடியாத நேரத்தில் கைவிளக்கை அல்லது செல்போன் விளக்கைப் பாறைக்கு நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில் பிடியுங்கள்.

தயவுசெய்து எழுத்தின் மேல் சுண்ணாம்புக்கட்டியோ விபூதியோ தேய்க்காதீர்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவவும் வேண்டாம். பாறையில் காதலர் பெயரைச் செதுக்குகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. பாதுகாக்கப்பட்ட தொல்சின்னத்தைச் சேதப்படுத்தினால் மத்திய சட்டப்படி 2 வருஷம் வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். கூட வருகிறவர்களிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

பசுபதீஸ்வரர் கோயிலில் எதைக் கவனிக்க வேண்டும்?

கரூர் நடு ஊரில், பஸ் சத்தத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது கோயில். தேவாரத்தில் 'கருவூர் ஆனிலை' என்று வரும் தலம் இதுதான், திருஞானசம்பந்தர் பாடியது. காமதேனு வழிபட்டதால் ஆனிலை என்பது தலபுராணம். மூலவர் லிங்கம் சற்றே சாய்ந்திருக்கும். அம்மன் சந்நிதி இரண்டு: அலங்காரவல்லி, சௌந்தரநாயகி. தஞ்சைப் பெரிய கோயிலோடு பேர் சேர்த்துச் சொல்லப்படும் கருவூர்த்தேவருக்கும் இங்கே தனிச் சந்நிதி உண்டு. திருவிசைப்பா பாடியவர்களில் ஒருவர் அவர்.

உள்ளே போகிற அவசரத்தில் யாரும் நின்று பார்க்காத ஒன்று, கோயில் முன்னே நிற்கும் கல் கம்பம். அதன் ஒரு பக்கத்தில் பசு நின்று லிங்கத்தை நாவால் வருடுகிற சிற்பம் இருக்கும். சுற்றிப் போய் இன்னொரு பக்கம் பாருங்கள். ஒருவர் தட்டில் ஒரு தலையை ஏந்தி நிற்பார். அவர் புகழ்ச்சோழ நாயனார். உறையூரில் இருந்து ஆண்டு, கப்பம் வாங்கக் கரூருக்கு வந்து தங்கிய சோழர். கப்பம் கட்டாத அதிகன் என்ற சிற்றரசன் மேல் படை அனுப்பினார். வென்ற படை கொண்டுவந்து குவித்த தலைகளில் ஒன்று சடைமுடியோடு இருப்பதைப் பார்த்தார். சிவனடியார் ஒருவரைக் கொன்றுவிட்டோமே என்று துடித்து, அந்தத் தலையைப் பொன் தட்டில் ஏந்தித் தீக்குள் இறங்கினார் என்பது பெரியபுராணம். வெற்றி பெற்ற நாளில் தன்னையே குற்றவாளியாக நிறுத்திக்கொண்ட ஓர் அரசனை இந்த ஊர் கல்லில் அடித்து வாசலில் வைத்திருக்கிறது. நான் எப்போது போனாலும் முதலில் அந்தக் கம்பத்தைத்தான் பார்ப்பேன்.

எறிபத்த நாயனார் கதையும் இங்கேதான் நடக்கிறது. சிவகாமியாண்டார் என்ற முதியவர் சாமிக்கு எடுத்துப் போன பூக்குடலையை அரசனின் பட்டத்து யானை பறித்துச் சிதறடித்தது. எறிபத்தர் மழுவால் யானையையும் பாகர்களையும் வெட்டிச் சாய்த்தார். ஓடிவந்த புகழ்ச்சோழர் கோபப்படுவார் என்று பார்த்தால், 'யானை செய்த பிழைக்கு அது மட்டும் போதாது, என்னையும் வெட்டுங்கள்' என்று தன் வாளை நீட்டினார். புரட்டாசியில் நடக்கும் பூக்குடலைத் திருவிழா இந்தக் கதையை ஒட்டியதுதான். அந்தச் சமயம் வர முடிந்தால் கண்டிப்பாக வாருங்கள்.

அருங்காட்சியகம் எந்த நாட்களில் திறந்திருக்கும்?

மாவட்ட அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. இரண்டாவது சனிக்கிழமையும் தேசிய விடுமுறை நாட்களும் மூடியிருக்கும். மற்ற நாட்களில் காலை ஒன்பதரை முதல் மாலை ஐந்து வரை. வெள்ளிக்கிழமை கோயிலுக்கு நல்ல நாள் என்று கிளம்பி வந்து, அருங்காட்சியகத்தின் பூட்டைப் பார்த்துத் திரும்புகிறவர்கள் நிறைய.

கரூர் அருங்காட்சியகம் சிறியது. வெண்கலச் சிலைகள், நாணயங்கள், பாறை மற்றும் கனிம மாதிரிகள் போன்றவை இருக்கின்றன. ஒரு மணி நேரம் ஒதுக்கினால் தாராளம். கோவைக்காரர்கள் அங்கே இருக்கும் காஸ் வன அருங்காட்சியகத்தையும் ஒரு நாள் பாருங்கள். 1902-இல் தொடங்கியது. உள்ளூரிலேயே இருந்துகொண்டு பார்க்காதவர்கள் ஏராளம்.

தாந்தோன்றிமலைக்கும் மாரியம்மன் கோயிலுக்கும் எப்போது போகலாம்?

தாந்தோன்றிமலை கல்யாண வெங்கடரமண சுவாமி கோயில் ஊரை ஒட்டியே இருக்கிறது. மலைப்பாறையிலேயே எழுந்த பெருமாள். தாயாருக்குத் தனிச் சந்நிதி கிடையாது. திருப்பதிக்கு நேர்ந்துகொண்டு போக முடியாதவர்கள் இங்கே செலுத்துவார்கள். புரட்டாசி சனிக்கிழமை என்றால் கூட்டம் நெரியும். திருவிழா பார்க்கவே வருகிறீர்கள் என்றால் புரட்டாசி, நிம்மதியாகக் கும்பிட வேண்டும் என்றால் வேறு மாதம்.

மாரியம்மன் கோயிலுக்கு வைகாசி. கோயிலில் நட்ட கம்பத்தை ஊர்வலமாக எடுத்துப் போய் அமராவதியில் விடுகிற அன்று ஊரே தெருவில் நிற்கும். கொங்கு நாட்டு மாரியம்மன் கோயில்களில் கம்பம் நடுவது பல ஊர்களில் உண்டு. கரூரில் அது பெரிய கூட்டம். அன்று பேருந்துகளை மாற்றுவழியில் விடுவார்கள், கார் கொண்டுவராமல் இருப்பது நல்லது.

வெஞ்சமாக்கூடல் போக வேண்டியது அவசியமா?

கரூருக்குத் தெற்கே 20 கி.மீ. அளவில், குடகனாற்றங்கரையில் விகிர்தீஸ்வரர் கோயில். சுந்தரர் பாடிய தலம். 'வெஞ்சமாக் கூடல் விகிர்தா அடியேனையும் வேண்டுதியே' என்று ஒவ்வொரு பாட்டும் முடியும். சுந்தரருக்குப் பொன் கொடுக்கச் சிவனிடம் கையில் ஒன்றும் இல்லையாம். கிழவியாக வந்த பார்வதியிடம் தன் இரண்டு பிள்ளைகளையும் ஈடாக வைத்துப் பொன் வாங்கிக் கொடுத்தார் என்று ஊரில் சொல்லுவார்கள்.

1977-இல் வந்த வெள்ளம் இந்தக் கோயிலைச் சிதைத்துப் போட்டது. கற்களை அடித்துக்கொண்டு போனது. அதன் பிறகு மறுபடி எடுத்துக் கட்டினார்கள். இன்று நீங்கள் பார்க்கும் கோயில், விழுந்த இடத்தில் இருந்து எழுப்பியது. பெரிய கூட்டம் இருக்காது, சாவகாசமாக உட்காரலாம். என்னைக் கேட்டால் அவசியம்தான்.

நெரூரில் என்ன இருக்கிறது?

காவிரிக்கரையில் சதாசிவ பிரம்மேந்திரரின் ஜீவசமாதி. கரூரிலிருந்து 10 கி.மீ. போல. 'மானஸ ஸஞ்சரரே' பாடியவர் அவர். வயலும் வாழையுமாகப் போகும் வழி. பேச்சைக் குறைத்துக்கொண்டு உட்கார வேண்டிய இடம், பிள்ளைகள் ஓடி விளையாடுவதற்கு ஏற்றதல்ல.

கொடுமணலுக்குப் போனால் என்ன பார்க்கலாம்?

பலருக்கு இங்கே ஏமாற்றம்தான். பெயரைக் கேட்டு ஆசையாக வருவார்கள். கொடுமணல் ஈரோடு மாவட்டம் சென்னிமலைக்கு மேற்கே, நொய்யல் ஆற்றங்கரையில் இருக்கிறது. பதிற்றுப்பத்து 'கொடுமணம்' என்று சொல்லும் ஊர். 1985 முதல் பல கட்டங்களாக அகழாய்வு நடந்தது. இரும்பு உருக்கிய உலைகள், கல்மணி செய்த பட்டறைகள், பெயர் கீறிய நூற்றுக்கணக்கான பானை ஓடுகள், கல்வட்டம் சூழ்ந்த ஈமக்குழிகள் எல்லாம் வெளிப்பட்டன. சூதுபவளம், பச்சைக்கல், நீலக்கல், பளிங்கு என்று மணிகளைத் துளைபோட்டு மெருகேற்றி அனுப்பியிருக்கிறார்கள்.

தோண்டிய குழிகளை ஆய்வு முடிந்ததும் மூடிவிடுவது வழக்கம். இப்போது அங்கே இருப்பது விவசாய நிலம். ஈமக்காட்டில் நட்டுவைத்த நெடுங்கல்லும் கல்வட்டங்களும் சிலவற்றைப் பார்க்கலாம், அவ்வளவுதான். நிலம் தனியாருடையது என்றால் காட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள். வெள்ளாமை இருக்கும்போது மிதிக்காதீர்கள்.

அப்படியென்றால் எதற்குப் போவது? வழியைப் புரிந்துகொள்வதற்காக. மேற்குக் கடற்கரையில் முசிறியில் இறங்கிய சரக்கு, பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பேரூர், வெள்ளலூர், கொடுமணல் என்று நொய்யலை ஒட்டியே கிழக்கே வந்து கரூரைச் சேர்ந்திருக்கிறது. வெள்ளலூரிலும் ரோமக் காசுக் குவியல்கள் கிடைத்ததற்கு அதுதான் காரணம். நொய்யல் காவிரியில் கலக்கும் இடம் புகழூருக்குப் பக்கத்தில்தான். கோவையிலிருந்து காரில் வருகிறவர்கள் இந்தப் பாதையை மனதில் வைத்துக்கொண்டு வந்தால், ஒவ்வொரு ஊரும் ஏன் அங்கே இருக்கிறது என்று விளங்கும்.

அறச்சலூர்க் கல்வெட்டு என்கிறார்களே, அது என்ன?

ஈரோடு மாவட்டம் அறச்சலூரில், நாகமலைக் குன்றில் உள்ள குகைத்தளத்தில் இருக்கிறது. புலவர் செ. இராசு கண்டறிந்து வெளிப்படுத்தியது. த, தை, தா, தே என்ற சொற்கட்டுகளை ஐந்து வரிசை, வரிசைக்கு ஐந்து எழுத்து என்று கட்டம் போல வெட்டியிருக்கிறார்கள். 'த தை தா தை த' என்று முதல் வரி. இடமிருந்து படித்தாலும் வலமிருந்து படித்தாலும், மேலிருந்து படித்தாலும் கீழிருந்து படித்தாலும் ஒன்றாகவே வரும். ஆடலுக்கு உரிய ஜதி என்கிறார்கள். அமைத்தவர் பெயரும் கூடவே இருக்கிறது: மணிய வண்ணக்கன் தேவன் சாத்தன். வண்ணக்கன் என்றால் பொன், மணி, காசு இவற்றின் தரம் பார்க்கிறவர். பகலெல்லாம் காசை உரசிப் பார்த்த மனிதருக்குத் தாளத்தில் இவ்வளவு பித்து இருந்திருக்கிறது! குகைக்கு ஏறும் வழி படிக்கட்டு அல்ல. உள்ளூர்க்காரர் ஒருவரை அழைத்துக்கொண்டு போவது நல்லது.

கொங்கு நாட்டுத் தேவாரத் தலங்கள் ஏழையும் ஒரே பயணத்தில் முடிக்கலாமா?

இரண்டு நாள் வேண்டும். கரூர், வெஞ்சமாக்கூடல், கொடுமுடி முதல் நாள். திருச்செங்கோடு, பவானி, அவிநாசி, திருமுருகன்பூண்டி இரண்டாம் நாள். திருச்செங்கோட்டில் மலைமேல் வரை வண்டி போகும். பவானி கூடுதுறையில் ஆடி மாதமும் அமாவாசையும் தவிர்த்தால் நெரிசல் இருக்காது.

கொடுமுடியில் சிவன், பெருமாள், பிரம்மா மூவரும் ஒரே வளாகத்தில் இருக்கிறார்கள். வன்னி மரத்தடியில் இருக்கும் பிரம்மாவுக்கு மூன்று முகம். நான்காவது முகம் மரம்தான் என்பார்கள். 'நற்றவா உனை நான் மறக்கினும் சொல்லும் நா நமச்சிவாயவே' என்று சுந்தரர் பாடியது இங்கேதான். பங்குனியில் பழனிக்குத் தீர்த்தக்காவடி எடுக்க ஊர் ஊராக வந்து காவிரியில் தண்ணீர் முகந்து போவார்கள். கே. பி. சுந்தராம்பாளின் சொந்த ஊரும் கொடுமுடி.

நாமக்கல்லையும் சேர்த்துக்கொள்ளலாமா?

வேலாயுதம்பாளையம் வரை வந்துவிட்டால் நாமக்கல் அதே சாலைதான். ஆஞ்சநேயரைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். நரசிம்மர், அரங்கநாதர் குடைவரைகள் இரண்டும் 8-ஆம் நூற்றாண்டு அதியமான் மரபினர் வெட்டியவை. அரங்கநாதர் குடைவரைக்குக் கல்வெட்டில் 'அதியேந்திர விஷ்ணுகிருகம்' என்றே பெயர். புகழ்ச்சோழர் படையெடுத்த அதிகனும் இந்தப் பக்கத்து மரபுப் பெயர்தான் என்பதை நினைத்துக்கொண்டு பாருங்கள்.

எந்த மாதம் வரலாம்?

கார்த்திகை முதல் மாசி வரை. கரூர் பரமத்தி என்ற பெயரை வெயில் செய்தியில் கேட்டிருப்பீர்கள். தமிழ்நாட்டிலேயே அதிக வெப்பம் பதிவாகும் இடங்களில் அதுவும் ஒன்று. சித்திரை, வைகாசியில் பத்து மணிக்கு மேல் பாறையில் கால் வைக்க முடியாது. கோயில் பிராகாரத்திலும் வெறுங்காலோடு ஓட வேண்டியிருக்கும்.

கோயிலுக்குள் செல்போன், கேமரா கொண்டுபோகலாமா? உடை?

2022 டிசம்பரில் உயர்நீதிமன்றம் கோயில்களுக்குள் செல்போனைத் தடை செய்யச் சொன்னது. எந்தக் கோயிலில் எவ்வளவு கண்டிப்பு என்பது இடத்துக்கு இடம் மாறும். வாசலில் கேட்டுவிட்டுப் போங்கள். மூலவரைப் படம் எடுப்பது எங்கேயும் கூடாது. வேட்டி, சேலை, சுடிதார், பேன்ட் எதுவும் சரி. அரைக்கால் சட்டை வேண்டாம். பொதுவாகப் பகல் 12 மணிக்கு மேல் நடை சாத்தி மாலை 4 மணிக்குத் திறப்பார்கள். தமிழில் அர்ச்சனை வேண்டும் என்றால் கேளுங்கள், செய்வார்கள்.

வயதான அப்பச்சி, அம்மாயியை அழைத்துவரலாமா?

பசுபதீஸ்வரர் கோயில், நெரூர், வெஞ்சமாக்கூடல், கொடுமுடி எல்லாம் அவர்களுக்குச் சிரமம் இல்லாதவை. ஆறுநாட்டார் மலையும் அறச்சலூரும் முட்டிவலி உள்ளவர்களுக்கு ஆகாது. அவர்களைக் கீழே கோயிலில் உட்காரவைத்துவிட்டு நீங்கள் ஏறுங்கள். இறங்கி வந்து படத்தைக் காட்டிக் கதையைச் சொன்னால் சந்தோஷப்படுவார்கள்.

எங்கே சாப்பிடுவது?

மதியம் அன்னதானம் உள்ள கோயில்களில் சாப்பிடலாம், வெளியே மெஸ்களும் நிறைய. சாயங்காலம் கரூர் 'கரம்' சாப்பிடாமல் ஊரைவிட்டுப் போகக்கூடாது. பொரி, தட்டுவடை, சட்னி, காய்த்துருவல் எல்லாம் சேர்த்துக் கிளறித் தட்டில் தருவார்கள். காரம் ஆகாதவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

எப்படி வருவது?

ஈரோடு, திருச்சி, திண்டுக்கல், சேலம் நாலு பக்கமிருந்தும் கரூருக்கு ரயில் பாதை இருக்கிறது. ஈரோட்டிலிருந்து வருகிற ரயிலில் கொடுமுடியும் புகழூரும் வழியிலேயே வரும். கோவையிலிருந்து காங்கேயம் வழியாகப் பேருந்துகள் நிறைய. வெஞ்சமாக்கூடலுக்கு மட்டும் நேரடிப் பேருந்து குறைவு, ஆட்டோவோ காரோ பேசிக்கொள்வது உத்தமம்.

ஆற்றில் கிடைத்த பழைய காசு என்று ஒருவர் விற்றால் வாங்கலாமா?

வேண்டாம். போலிகள் அதிகம், அச்சில் வார்த்துப் புளி தேய்த்துப் பழசாக்கித் தருவார்கள். நிஜமாகவே பழையது என்றால் விவகாரம் இன்னும் பெரிது. தொல்பொருள் வணிகத்துக்கு உரிமம் வேண்டும் என்கிறது 1972-ஆம் வருஷச் சட்டம். மண்ணுக்குள் கிடைக்கும் புதையலைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-லேயே சட்டம் வந்துவிட்டது. உங்களுக்கே ஒரு காசோ, எழுத்துள்ள ஓடோ கிடைத்தால், கழுவாமல், உரசாமல், கிடைத்த இடத்தைப் படம் எடுத்துக்கொண்டு, வட்டாட்சியர் அலுவலகத்திலோ அருங்காட்சியகத்திலோ கொடுங்கள். எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடைத்தது என்று எழுதிக் கொடுப்பது காசைவிட முக்கியம். மாக்கோதை என்ற அரசன் பெயர் நமக்குத் தெரிந்ததே, யாரோ ஒருவர் அதை உருக்காமல் கொடுத்ததால்தான்.